மான்கள் கும்பிடும் நகரம்!

ரோட்டின் நடுவே ஒரு மான் வந்து நிற்கிறது.

பஸ் நிற்கிறது. கார் நிற்கிறது. சைக்கிளில் வந்தவரும் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மான் இந்தப் பக்கம் பார்க்கிறது. அந்தப் பக்கம் பார்க்கிறது. பிறகு மெதுவாக நடந்து எதிர்ப்பக்கம் போகிறது. அதன் பின்னால் அதன் குட்டி. குட்டிக்குப் பின்னால் இன்னும் நாலு மான்கள்! எல்லாம் கடந்த பிறகுதான் வண்டிகள் புறப்படுகின்றன.

இது காட்டுப் பாதையில் நடப்பது அல்ல. சுமார் மூன்றரை லட்சம் ஜனங்கள் வாழும் ஒரு நகரத்தில் நடப்பது. அந்த நகரத்தின் பெயர் நாரா. ஜப்பான் நாட்டில் இருக்கிறது.

நாராவின் பூங்காவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் 1,300-க்கு மேற்பட்ட மான்கள் திரிகின்றன. அவற்றுக்குக் கூண்டு இல்லை. சொந்தக்காரர் என்றும் யாரும் இல்லை. அவை காட்டு மான்கள்தான். ஆனால் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை!

குழந்தைகளையும், வயதான தாய் தந்தையரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் ஆனந்தமாகச் சுற்றி வருவதற்கு ஏற்ற ஊர் இது. நாமும் ஒரு சுற்று சுற்றி வருவோமா?

பழைய தலைநகரம்

இன்று ஜப்பானின் தலைநகரம் டோக்கியோ. அதற்கு முன்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கியோட்டோ தலைநகரமாக இருந்தது. அதற்கும் முன்னால் நாரா! கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானிய சக்கரவர்த்திகள் இங்கிருந்துதான் நாட்டை ஆண்டார்கள்.

எழுபத்து நான்கு ஆண்டுகள்தான். ஆனால் அந்தக் காலத்தில் எழுந்த கோயில்கள் இன்றும் நாராவுக்குப் பெருமை தேடித் தருகின்றன. 1998-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை, நாராவின் பழைய கோயில்களையும், அவற்றை ஒட்டிய காட்டையும் உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

கியோட்டோவிலிருந்து ரெயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நாரா வந்துவிடும். ஒசாகா நகரத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். காலையில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

நாராவில் இரண்டு முக்கிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் "கின்டெட்சு நாரா" ஸ்டேஷனில் இறங்குவது நல்லது. அங்கிருந்து பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதன் நடுவே ஒரு புத்தத் துறவியின் சிலை. அவர் பெயர் கியோகி. ஊர் ஊராக நடந்து போய், ஏழை எளியவர்களுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர். குளம் வெட்டிக் கொடுத்தவர். அவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மறுபடியும் வருவார்!

குனிந்தால் பிஸ்கோத்து

ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததுமே மான்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். பூங்காவில் ஆங்காங்கே "மான் பிஸ்கோத்து" விற்கிறார்கள். அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்துச் செய்த வட்டமான தட்டை. சர்க்கரை கிடையாது. மானுக்கு வயிறு கெடாது.

பிஸ்கோத்தைக் கையில் எடுத்ததும் மான் என்ன செய்கிறது தெரியுமா? தலையைக் குனிந்து கும்பிடு போடுகிறது! ஒரு தரம் அல்ல. இரண்டு, மூன்று தரம். ஜப்பானியர் ஒருவரை ஒருவர் சந்தித்தால் குனிந்து வணங்குவது வழக்கம். அதைப் போலவே மானும் செய்கிறது. குனிந்தால் தீனி கிடைக்கும் என்று பழகிக்கொண்டது. குழந்தைகளுக்கு இதைக் காட்டிலும் வேறு வேடிக்கை வேண்டாம்!

ஆனால் ஒரு விஷயம். கும்பிட்ட மானைக் காக்க வைக்கக் கூடாது. பிஸ்கோத்தைக் காட்டிக் காட்டி மறைத்தால் மானுக்குக் கோபம் வரும். சட்டையைக் கடித்து இழுக்கும், முட்டித் தள்ளும். உடனே கொடுத்துவிட வேண்டும். தீர்ந்துபோனால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். "இனி இல்லை" என்று மான் புரிந்துகொண்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விடும்.

பிஸ்கோத்துக் கட்டைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதையும் மான் தின்றுவிடலாம் என்பதால், மான் தின்றாலும் கெடுதல் செய்யாதபடி அதைத் தயாரிக்கிறார்கள். பிஸ்கோத்து விற்ற காசில் ஒரு பகுதி, மான்களைப் பாதுகாக்கும் சங்கத்துக்குப் போகிறது.

சிறுவனும் மானும்

இந்த ஊரில் மானுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

நாராவில் கசுகா என்ற பழைய கோயில் இருக்கிறது. கி.பி. 768-ல் எழுந்தது. அந்தக் கோயிலின் தெய்வம், தூர தேசத்திலிருந்து ஒரு வெள்ளை மானின் மேல் ஏறி நாராவுக்கு வந்தது என்பது ஐதிகம். ஆகவே மான்கள் தெய்வத்தின் தூதர்கள் ஆகிவிட்டன. மானைக் கொன்றவனுக்கு அக்காலத்தில் மரண தண்டனை!

அந்த நாளைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள்.

ஒரு கோயிலில் சிறுவர்கள் உட்கார்ந்து எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சன்சாகு. ஒரு மான் வந்து அவன் எழுதிவைத்த காகிதத்தைத் தின்னத் தொடங்கியது. அதை விரட்டுவதற்காக, காகிதத்தின் மேல் வைக்கும் பாரக் கட்டையை எடுத்து வீசினான். அது படக் கூடாத இடத்தில் பட்டுவிட்டது. மான் விழுந்து இறந்தது. சிறுவன் என்றும் பார்க்கவில்லை. தெரியாமல் செய்தான் என்றும் பார்க்கவில்லை. செத்த மானோடு சேர்த்து அவனையும் குழியில் இறக்கிக் கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாய், அந்த இடத்தில் ஒரு மேப்பிள் மரம் நட்டு அழுதாளாம்.

இது கதைதான். ஆனால் கோபுகுஜி என்ற பெரிய கோயிலைச் சேர்ந்த ஒரு சிறு கோயிலில் "சன்சாகுவின் சமாதி" என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். பெற்றவர்கள் அங்கே நின்றால் மனம் கனக்கும்.

அன்று தண்டனைக்குப் பயந்து மானைக் காப்பாற்றினார்கள். இன்று அந்தக் கொடுமை இல்லை. அப்படியானால் இன்று மானைக் காப்பாற்றுவது எது? அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு பிடி மண் போதும்

பூங்காவுக்குள் நடந்தால் தோதாய்ஜி கோயிலின் பெரிய வாசல் வரும். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு மரத் துவாரபாலகர்கள். ஒவ்வொன்றும் சுமார் 28 அடி உயரம்! புடைத்த நரம்பும் உருட்டிய விழியுமாக நிற்பார்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்களுடைய சீடர்களும் 1203-ம் ஆண்டில் 69 நாட்களில் இவற்றைச் செய்து முடித்தார்கள்.

உள்ளே போனால் பெரிய புத்தர்!

வெண்கலத்தால் ஆனவர். உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 50 அடி உயரம். பீடத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். சிலைக்கு ஏறக்குறைய 500 டன் செம்பு பிடித்தது. ஒரே வார்ப்பில் செய்ய முடியாது என்பதால், கீழிருந்து மேலாக எட்டு முறை வார்த்தார்கள்.

இவ்வளவு பெரிய சிலை எதற்கு? கி.பி. 735 முதல் 737 வரை ஜப்பானில் பெரியம்மை பரவியது. வீட்டுக்கு வீடு சாவு. அதோடு பஞ்சம், கலகம். நாட்டின் துயரம் நீங்க வேண்டும் என்று ஷோமு சக்கரவர்த்தி புத்தர் சிலை எழுப்பத் தீர்மானித்தார். 743-ல் உத்தரவு பிறப்பித்தார். "பணமும் அதிகாரமும் என்னிடம் இருக்கின்றன, நானே செய்துவிடுவேன்" என்று அவர் நினைக்கவில்லை. ஒரு புல்லும் ஒரு பிடி மண்ணும் கொண்டு வருகிறவனையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆனால் ஜனங்களை யார் திரட்டுவது? அதற்குத்தான் கியோகியை அழைத்தார்கள். ஸ்டேஷன் வாசலில் பார்த்தோமே, அந்தத் துறவிதான்! அவர் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். மண் சுமக்கவும் மரம் இழுக்கவும் ஆயிரம் ஆயிரமாக வந்தார்கள். ஆனால் பாவம், சிலைக்குக் கண் திறப்பதைப் பார்க்கக் கியோகிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 749-ல் அவர் காலமாகிவிட்டார்.

கண் திறந்த இந்தியர்

752-ம் ஆண்டில் கண் திறக்கும் சடங்கு நடந்தது. பதினாயிரம் துறவிகள் கூடியதாகப் பழைய சரித்திர ஏடு சொல்கிறது. ஷோமு அதற்குள் பட்டத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். உடலும் தளர்ந்திருந்தது. ஆகவே புத்தரின் கண்ணை எழுதும் பெருமை வேறு ஒருவருக்குக் கிடைத்தது.

அவர் யார் தெரியுமா? போதிசேனர் என்ற இந்தியத் துறவி! சீனா வழியாகப் பிரயாணம் செய்து 736-ல் ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். அவர் தென் இந்தியாவைச் சேர்ந்தவர் என்று ஜப்பானியரின் பழைய குறிப்பு கூறுகிறது. அவரை முன்னின்று வரவேற்றவரும் கியோகிதான்.

போதிசேனர் தூரிகையைப் பிடித்துக் கண்ணை எழுதினார். தூரிகையில் 600 அடிக்கு மேல் நீளமான நீலப் பட்டுக் கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு வேண்டும் அல்லவா!

அந்தத் தூரிகையும் கயிறும் இன்றும் இருக்கின்றன. தோதாய்ஜியின் பழைய பொக்கிஷ சாலையான ஷோசோயினில் பத்திரமாகக் காத்துவருகிறார்கள். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அந்தப் பொக்கிஷங்களில் சிலவற்றை மட்டும் எடுத்து, நாரா தேசியப் பொருட்காட்சி சாலையில் காட்டுவார்கள். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் பாக்கியசாலிகள்.

மழையில் நனைந்த புத்தர்

பெரிய புத்தருக்குச் சோதனைகள் குறைவு அல்ல. 855-ல் பூகம்பத்தில் தலை விழுந்தது. 1180-ல் யுத்தத்தில் கோயில் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். 1567-ல் இன்னொரு யுத்தம், மறுபடியும் தீ! பிறகு போட்ட தற்காலிகக் கொட்டகையும் 1610-ல் புயலில் போயிற்று. அதன் பிறகு நெடுங்காலம் புத்தர் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்.

கோகெய் என்ற துறவி இதைக் கண்டு மனம் பொறுக்காமல் நாடெங்கும் நடந்து நன்கொடை திரட்டினார். அப்படி எழுந்ததுதான் இன்று நாம் பார்க்கும் மண்டபம். 1709-ல் முடிந்தது. கோகெய் அதற்கு நாலு ஆண்டு முன்னதாகவே இறந்துவிட்டார்.

பழைய மண்டபம் இதைவிட அகலமானது. இன்றுள்ளது சிறியது என்கிறார்கள். "சிறிய" மண்டபத்தின் உயரம் சுமார் 160 அடி! உலகின் மிகப் பெரிய மரக் கட்டடங்களில் இதுவும் ஒன்று.

புத்தரின் மூக்குத் துவாரம்

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பெரிய தூண் இருக்கிறது. அதன் அடியில் ஒரு துளை. அந்தத் துளை புத்தரின் மூக்குத் துவாரம் அளவு இருக்கும் என்கிறார்கள். அதில் நுழைந்து மறுபக்கம் வந்தால் ஞானம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. குழந்தைகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தொந்தி உள்ளவர்களுக்கு ஞானம் கொஞ்சம் சிரமம்! சில சமயம் துளையை மூடி வைப்பதும் உண்டு.

வயதானவர்களுக்கும் ஒருவர் காத்திருக்கிறார். மண்டபத்துக்கு வெளியே சிவப்புத் துணி போர்த்தி ஒரு மரச் சிலை உட்கார்ந்திருக்கும். "பின்சுரு" என்று பெயர். புத்தரின் சீடரான பிண்டோலர்தான் ஜப்பானில் இப்படிப் பெயர் மாறியிருக்கிறார். முழங்கால் வலிக்கிறதா? சிலையின் முழங்காலைத் தடவிவிட்டு உங்கள் முழங்காலைத் தடவ வேண்டும். தலைவலியா? தலையைத் தடவ வேண்டும்.

பாட்டி முழங்காலைத் தடவட்டும். பேரன் தூணில் நுழையட்டும்!

விளக்குகளும் குரங்குகளும்

தோதாய்ஜிக்கு மேலே மலைச்சரிவில் நிகட்சுதோ என்ற மண்டபம். அதன் திண்ணையில் நின்றால் நாரா நகரம் முழுவதும் தெரியும். மாலை நேரம் விசேஷம். கட்டணம் இல்லை. மார்ச் 1 முதல் 14 வரை ஒவ்வொரு இரவும் பெரிய தீவட்டிகளைத் தூக்கிக்கொண்டு இந்தத் திண்ணையில் ஓடுவார்கள். தீப்பொறி மழையாகக் கொட்டும். பொறி மேலே பட்டால் நல்லது என்று கீழே ஜனங்கள் கூடி நிற்பார்கள். 752-ல் தொடங்கிய இந்த விரதம் ஓர் ஆண்டுகூட நின்றதில்லை.

அங்கிருந்து மரநிழலில் நடந்தால் கசுகா கோயில். வழியெல்லாம் பாசி படிந்த கல் விளக்குகள். உள்ளே வெண்கலத் தொங்கு விளக்குகள். இரண்டும் சேர்ந்து சுமார் 3,000. பல நூற்றாண்டுகளாக பக்தர்கள் கொடுத்தவை. பிப்ரவரியில் ஒரு தடவையும், ஆகஸ்டு 14, 15 தேதிகளிலும் எல்லா விளக்குகளையும் ஏற்றுகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் அடர்ந்த காடு. கி.பி. 841 முதல் அங்கே மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை! ஒரு நகரத்தின் ஓரத்தில் இப்படி ஒரு காடு மிஞ்சியிருப்பதே அதிசயம்.

நேரம் இருந்தால் நாராமாச்சி என்ற பழைய தெருக்களுக்குள் போய் வரலாம். மர அழிக் கம்பி வைத்த குறுகலான வீடுகள். வாசலில் சிவப்புத் துணியால் செய்த சிறு சிறு குரங்குப் பொம்மைகள் தொங்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொம்மை. வீட்டாருக்கு வரும் கெடுதலை இந்தக் குரங்குகள் தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போகாமலே குடும்பம் எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும்!

பசிக்கு என்ன?

நாராவின் பழைய உணவு, தேயிலைத் தண்ணீரில் காய்ச்சிய அரிசிக் கஞ்சி. வயிற்றுக்கு இதமானது. சேமியாவைப் போன்ற "சோமென்" என்ற மெல்லிய கோதுமை இழையும் நாராப் பக்கத்தில் பெயர் பெற்றது. இடித்த அரிசி மாவுருண்டையும் கிடைக்கும். அதை மரச் சுத்தியல்களால் மாற்றி மாற்றி அடித்து இடிப்பதே ஒரு வேடிக்கை.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஜப்பானியக் குழம்புகளிலும் இழைச் சாறுகளிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும். காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கேட்டுச் சாப்பிடுங்கள்.

மானின் வயிற்றில் 4.3 கிலோ

மாலையில் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது மறுபடியும் பூங்கா வழியாகத்தான் வர வேண்டும். மறுபடியும் மான்கள்! இந்த இடத்தில் ஒரு துக்கமான செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தம் 1945-ல் முடிந்தபோது நாராவில் எஞ்சியிருந்த மான்கள் 79 மட்டுமே. பட்டினிக் காலத்தில் தெய்வத்தின் தூதர்களுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. பிறகு ஊரார் அக்கறை எடுத்துக்கொண்டார்கள். 1957-ல் நாரா மான்களை நாட்டின் இயற்கைச் செல்வம் என்று அரசாங்கம் அறிவித்தது. காயம் பட்ட மானுக்கு வைத்தியம், கருவுற்ற மானுக்குத் தனி இடம் என்று மான் பாதுகாப்புச் சங்கம் கவனித்துவருகிறது. 79 என்பது ஆயிரத்தைத் தாண்டியது.

ஆனால் புதிய ஆபத்து வந்தது. 2019-ல் சில மாதங்களுக்குள் 14 மான்கள் இறந்தன. வயிற்றை அறுத்துப் பார்த்தார்கள். 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகளும் உறைகளும் சுருண்டு கிடந்தன. ஒரு மானின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ!

இதற்குக் காரணம் கொடியவர்கள் அல்ல. உல்லாசமாக வந்தவர்கள்தான். பலகாரம் வாங்கித் தின்றுவிட்டுப் பையைக் கீழே போட்டார்கள். பையில் பலகார வாசனை இருந்தது. மான் தின்றது. பிளாஸ்டிக் ஜீரணம் ஆகாது; வெளியேயும் வராது. வயிறு அடைத்துக்கொள்ளும். புல் தின்ன இடம் இல்லாமல் மான் மெலிந்து சாகும்.

ஊரார் சும்மா இருக்கவில்லை. தொண்டர்கள் பூங்காவில் குப்பை பொறுக்குகிறார்கள். அரிசித் தவிடு கலந்து, மான் தின்றாலும் ஜீரணமாகும் காகிதப் பை ஒன்றையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் வெளியூர்க்காரர்கள் ஒத்துழைக்காவிட்டால் ஊராரின் பாடெல்லாம் வீண்தான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

1. மான் பிஸ்கோத்து தவிர வேறு எந்தப் பண்டமும் மானுக்குக் கொடுக்கக் கூடாது.

2. மே முதல் ஜூலை வரை குட்டி போடும் காலம். குட்டியின் அருகே போனால் தாய் மான் பாயும்.

3. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆண் மான்களுக்கு முரட்டுக் காலம். தள்ளியே நில்லுங்கள். ஜனங்களுக்குக் காயம் படாமல் இருக்க, இலையுதிர் காலத்தில் கொம்புகளை அறுப்பது 350 ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். நகம் வெட்டுவது போலத்தான், மானுக்கு வலிக்காது.

4. சிறு குழந்தைகளின் கையில் பிஸ்கோத்துக் கட்டை அப்படியே கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

5. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை செர்ரி பூக்கும். நவம்பரில் மேப்பிள் இலை சிவக்கும். இரண்டும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் அதிகம்.

6. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மூட்டைக்குள் வைத்து மூடுங்கள்.

முன்பு மானைக் காத்தது மரண தண்டனை. இன்று அதைக் காப்பது, போகிற வருகிறவர்களின் கவனம்தான். ஒரு பிடி மண்ணோடு வந்த ஏழைகளும் சேர்ந்துதான் பெரிய புத்தரை எழுப்பினார்கள். நாம் மண் சுமக்க வேண்டியது இல்லை. கொண்டுபோன பையைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும்.

நாராவுக்குப் போகிறவர்கள் மானுக்குப் பிஸ்கோத்து கொடுங்கள். அதன் கும்பிடை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு கும்பிடு போடுங்கள். காலிப் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள்!